முப்பத்துநாலு சத்தமும் ஒரு நீலச் சட்டையும்

பிள்ளைப்பாக்கம் கோதண்டத்துக்கு வியட்நாம் பாஷையில் முப்பத்துநாலு வார்த்தைகள் தெரியும். அந்த முப்பத்துநாலையும் வைத்துக்கொண்டு அந்தத் தேசத்தில் அவரால் ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாது. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க முடியாது. ஆனால் குழாய் சொட்டுகிறது, கதவு கிறீச்சிடுகிறது, கொசு காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வயிற்றுக்குள் ஏதோ உருளுகிறது என்பதையெல்லாம் அந்த ஊரில் பிறந்தவர் மாதிரியே சொல்லிவிடுவார். எல்லாம் சத்தங்கள். ஒரு பாஷைக்குள் நுழையப் போனவர், உள்ளே போகாமல் அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டார்.

இதனால் அவருக்குக் கிடைத்தவை: சூடு தாங்கும் ஹாட்பாக்ஸ் இரண்டு, நீலச் சட்டை ஒன்று. இதைவிடக் குறைவாகச் சம்பாதித்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் யாரும் அதற்காக இவ்வளவு பாடுபடவில்லை.

கோதண்டத்தின் ஒண்ணரை ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டபோது, நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று சொன்னார்கள். கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் ரொம்ப நாகரிகமாக நடந்துகொண்டன. அப்படித்தான் இரண்டாயிரத்து மூன்றில், நாற்பத்தெட்டாவது வயதில், வெளிநாட்டுக் கால்களுக்கு ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் காண்டிராக்டர் மூலமாகக் கூட்டிப் பெருக்கும் ஆளாகச் சேர்ந்தார்.

அந்தக் கம்பெனியில் மனிதர்கள் இரண்டு நிறம். நிரந்தர ஆட்கள் நீலச் சட்டை. காண்டிராக்ட் ஆட்கள் சாம்பல் சட்டை. நீலத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் சீட்டு உண்டு. சாம்பல் நின்றுகொண்டு வரலாம், இடமிருந்தால். நீலத்துக்குக் கேன்டீனில் முட்டை. சாம்பலுக்கு முட்டை வைத்திருந்த தட்டு. நீலத்தை வேலையைவிட்டு எடுக்க மூன்று கடிதம் எழுத வேண்டும். சாம்பலுக்கு வாட்ச்மேனின் தலையாட்டல் போதும்.

அவர் சேர்ந்த முதல் வாரமே கோதண்டத்தின் மனைவி சுந்தராம்பாள் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு ஹேங்கர் வாங்கிவந்து சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். வீட்டில் அதற்கு முன் ஹேங்கர் கிடையாது. கொடிதான். ஆனால் நீலச் சட்டையைக் கொடியில் போட்டால் மடிப்புக் கலையும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷம் அந்த ஹேங்கர் வெறுமனே தொங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார்கள். பெருமையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தவள், போகப்போகச் சுருக்கமாகச் சொன்னாள். கடைசியில், வருகிறவர்களையே உள்ளே கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

கம்பெனி மெஷின்கள் எல்லாம் வியட்நாமில் ஒரு ரவுண்டு உழைத்து ஓய்ந்தவை. அங்கே கழித்துக் கட்டியதை இங்கே மாலை போட்டு இறக்கினார்கள். அவற்றோடு ஒரு உதிரிபாகம் மாதிரி வந்து இறங்கியவன் துவான். முப்பது வயது மெக்கானிக், சைகோன் பக்கத்து ஆள். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘ஓகே’, ‘நோ ஓகே’ என்ற இரண்டு. தொழிற்சாலைக்கு அது போதும் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். மேலே இருப்பவர்களுக்கு மெஷின் சத்தம் கேட்பதில்லை.

ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் சேர்த்து அழுத்தி ஒட்டும் பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. அதில் நாலு பெண்கள் நிற்பார்கள். நாலு பேரும் தெற்கத்திப் பிள்ளைகள், தண்டலத்தில் ஒரே ரூமில் தங்கியிருந்தவர்கள், நாலு பேரும் சாம்பல். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சந்தனமாரி. இருபத்திரண்டு வயது, விளாத்திகுளம் பக்கம், ஊரில் உள்ள எல்லா வாயையும் இவளே வாங்கிவந்துவிட்டாள் போல ஒரு வாய்.

ஒருநாள் அந்த பிரஸ் ஆட ஆரம்பித்தது. துவான் ஓடிவந்தான். லைன் சூப்பர்வைசர் மணிகண்டபிரபுவைப் பார்த்து, இரண்டு கையையும் உதறிக்கொண்டு, “லத்-கத், லத்-கத்” என்றான். மணிகண்டபிரபு டிப்ளமோ படித்தவன், திருச்செந்தூர் பக்கம். பாடப் புத்தகத்தில் லத்-கத் இல்லை. அவன் ‘ஓகே’ என்றான். துவான் ‘நோ ஓகே’ என்றான். பேச்சுவார்த்தை அங்கேயே நின்றது.

பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த கோதண்டம் தமக்குத் தாமே, “லொடலொடன்னு ஆடிக்கினு கீது, கீழ எதுனா லூசா கீதோ இன்னாவோ” என்றார்.

துவான் திரும்பினான். “லொட-லொட?”

“லத்-கத்,” என்றார் கோதண்டம், மரியாதைக்கு.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து ஒரே போல்டில் கை வைத்தார்கள். பதினைந்து வருஷம் கிணற்று மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவர் கோதண்டம். அது எப்போது முனகும், எப்போது காற்றை விழுங்கும், எப்போது பெல்ட்டைக் கழற்றி எறியும் என்று நூறு அடி தள்ளி இருந்தே சொல்லுவார். சுந்தராம்பாள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் பக்கத்தில் இருந்தாலும் கேட்காது என்பது அவளுடைய புகார்.

அன்றிலிருந்து துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது. கோதண்டம் துவானின் காது ஆனார். காற்றுக் குழாய் ஒழுகினால் துவான் பாஷையில் ‘சீ-சீ’, நம் பாஷையில் புஸ்புஸ். எண்ணெய் வறண்டால் ‘கொத்-கெத்’, அதாவது கிறீச். பசை போகும் பம்ப்பில் குமிழி சேர்ந்தால் ‘உங்-உக்’, களக்களக். ஒவ்வொன்றையும் கோதண்டம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் கட்டத்தில் அவன் சத்தம், அடுத்ததில் இவர் சத்தம், மூன்றாவதில் எந்த இடத்தைத் திருக வேண்டும் என்பது. எட்டாம் வகுப்புவரை படித்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும்.

மெஷின் ஓயும் நேரத்தில் இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து மிச்சச் சத்தங்களைப் பேசுவார்கள். தோசைக் கல்லைக் காட்டித் துவான் ‘செயோ-செயோ’ என்பான். கொசு வந்தால் ‘வோ-வே’. ஐப்பசியில் தகரக் கூரைமேல் மழை விழுந்தபோது மேலே பார்த்து ‘லொப்-டொப், லொப்-டொப்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துபோய்விட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா என்று கோதண்டத்துக்குத் தெரியாது. அவன் வீட்டுக் கூரை தகரம் என்பது தெரியும்.

ஒருதரம் ஊரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்த துவான், தலையில் முக்காடு போடுவதுபோல் காட்டி, முதுகை வளைத்து அம்மா என்று புரியவைத்தான். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, ‘கோ-கே, கோ-கே’ என்று இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக் காட்டினான். இளைப்பு. கோதண்டம் தலையை ஆட்டினார். அதை நோட்டில் எழுதவில்லை. அது மெஷின் சத்தம் இல்லையே.

லைனில் இதெல்லாம் பெரிய வேடிக்கை. கோதண்டம் கடந்துபோனால் நாலு பெண்களும் கோரஸாக ‘லத்-கத்’ என்பார்கள். சந்தனமாரி ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “ஏ மாமா, மெஷினுக்கெல்லாம் சத்தம் சொல்லுதீகளே, நம்ம சூப்பர்வைசரு என்ன சத்தம்?”

கோதண்டம் யோசித்து, ‘ரே-ரே’ என்றார். ஸ்பீக்கர் கிழிந்த ரேடியோவுக்குத் துவான் சொல்லும் சத்தம் அது. லைன் சிரித்தது. பின்னால் நின்ற மணிகண்டபிரபுவும் சிரித்தான். பெருந்தன்மையான பையன் என்று கோதண்டம் வீட்டில் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததற்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்பது மணிகண்டபிரபுவுக்கே தெரியாமல் இருக்கலாம். மனிதர்களுக்கு உள்ளே நடப்பதற்கு நோட்டுப் போட்டவர் யாருமில்லை.

இரண்டாயிரத்து ஐந்து தொடக்கத்தில் துவானைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அவன் போனபிறகு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் போனில்தான் கேட்க வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போடலாமா என்று ஆபீசில் பேச்சு நடந்தது. இது கோதண்டத்தின் காதில் விழுந்தது. அவர் காதில் எல்லாம் விழும்.

அதே மாதம் கம்பெனி யோசனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ளதுதான். தொழிலாளி வேலையை எளிதாக்க ஒரு யோசனை சொல்ல வேண்டும். நல்ல யோசனைக்கு ஹாட்பாக்ஸ் பரிசு, போட்டோ போர்டில். பர்சனல் ஆபீசர் சண்முகசுந்தரம் மைக்கில் ஒரு வரி சேர்த்துச் சொன்னார். யோசனை பரிசு பெற்றவர்களை நிரந்தரம் செய்வதற்கு முன்னுரிமையோடு பரிசீலிப்போம் என்றார். ‘பரிசீலிப்போம்’ என்ற சொல்லின் சத்தத்தைக் கோதண்டம் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். அவர் காதில் நீலம் என்று மட்டும் விழுந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு மணிகண்டபிரபுவிடம் போனார். இந்த முப்பத்துநாலு சத்தத்தையும் பெரிய அட்டையாக அடித்து லைனில் மாட்டிவிட்டால், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்த்துச் சரிசெய்யலாம். துவானும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். மணிகண்டபிரபு நோட்டைப் புரட்டினான். நல்ல யோசனை என்றான், அதில் பொய்யில்லை. படிவத்தை அவனே இங்கிலீஷில் நிரப்பிக்கொடுத்தான். பெயர், டோக்கன் நம்பர், யோசனை, பயன். கடைசியில் ஒரு கட்டம்.

“அண்ணாச்சி, மிச்சமாகும் ஆட்கள் எத்தனைன்னு கேட்டிருக்கான். எத்தனை போட?”

கோதண்டத்துக்குப் புரியவில்லை. இந்த யோசனையால் கம்பெனிக்கு எத்தனை ஆள் குறைவாகத் தேவைப்படும் என்று எழுத வேண்டும். அது காலியாக இருந்தால் பரிசு கிடையாது என்று மணிகண்டபிரபு விளக்கினான்.

“மொழி பேர்க்கறதுக்கு ஒரு ஆளு வரப்போறாருன்னாங்களே, அவரு தேவல இல்ல?”

“அப்ப ஒண்ணுன்னு போடுவோம்.”

“போடுபா,” என்றார் கோதண்டம். பிறகு, தம் கையாலேயே போட வேண்டும் என்று பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் கொஞ்சம் பெரிதாகவே ‘1’ என்று எழுதினார்.

முதல் பரிசு அவருக்குத்தான். மாலை போட்டார்கள். போட்டோவில் துவான் ஒரு பக்கம், சண்முகசுந்தரம் ஒரு பக்கம், நடுவில் கோதண்டம் ஹாட்பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறவர் மாதிரி நின்றார். முப்பத்துநாலு சத்தமும் அட்டையில் அடிக்கப்பட்டு, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தொங்கவிடப்பட்டன. கூடவே ஒரு விதி: இனி அட்டையில் உள்ள சத்தம் வந்தால் மட்டுமே மெஷினை நிறுத்தலாம்.

ஹாட்பாக்ஸ் வீட்டுக்கு வந்தது. மூடி சரியாக உட்காரவில்லை. சுந்தராம்பாள் சோற்றை வைத்து மூடினால் ஓரத்தில் ஆவி புஸ்ஸென்று வெளியே வந்தது.

“சீ-சீ,” என்றார் கோதண்டம்.

“இன்னாயா, நான் வடிச்ச சோத்தப் பாத்து சீ சீங்கற,” என்றாள் அவள். பிறகு ஹேங்கரைத் துணியால் துடைத்து வைத்தாள். இரண்டு வருஷத் தூசு.

துவான் கிளம்பிய நாளில் கம்பெனி கேட் வரைக்கும் கோதண்டத்தோடு நடந்தான். கோதண்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாலு அடி வைத்ததும் துவான் நின்றுவிட்டான். “கொத்-கெத்,” என்று செயினைக் காட்டினான். பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து, பயணத்துக்குப் போட்டிருந்த புதுச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து, கண்ணி கண்ணியாக விட்டான். புட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வேனில் ஏறினான்.

அடுத்த திங்கட்கிழமை, சத்தமில்லாத சைக்கிளில் வேலைக்கு வந்த கோதண்டத்தை வாட்ச்மேன் கேட்டில் நிறுத்தினான். தலையாட்டினான்.

சண்முகசுந்தரம் உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் சாம்பல் சட்டை எதுவும் உட்கார்ந்ததில்லை என்பதால் கோதண்டம் சந்தோஷப்பட்டார்.

“பாருங்க கோதண்டம், கம்பெனி உங்கள அனுப்பல. உங்க யோசனையத்தான் அமல்படுத்தியிருக்கு.” படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். “மிச்சமாகும் ஆட்கள், ஒண்ணு. நீங்களே எழுதினதுதானே?”

“அது மொழி பேர்க்கற ஆளு சார். நான் அவர வெச்சுத்தான் எய்துனேன்.”

“அவரு எங்க இருக்காரு?”

“வரப்போறாருன்னு சொன்னீங்களே.”

“வராத ஆள எப்படிங்க மிச்சம் பண்றது? லிஸ்ட்ல இருக்கிற ஆளத்தான் மிச்சம் பண்ண முடியும். மெஷின் சத்தத்தக் கேட்டுச் சொல்றதுக்குன்னு லிஸ்ட்ல இருந்தது ஒரே ஒருத்தர்தான்.”

கோதண்டம் கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தார். “அது நான்தானே சார்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றார் சண்முகசுந்தரம், மனமொத்துப் போனதில் நிம்மதியாகி.

துடைப்பத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். துடைப்பத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. போர்டில் இருந்த போட்டோ மட்டும் மாதக் கடைசிவரை அங்கேயே இருந்தது, விதிப்படி.

சந்தனமாரிக்கு விஷயம் தெரிந்ததும் கத்தினாள். சும்மா கத்திவிட்டுப் போகவில்லை. வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதி, கோதண்டம் மாமாவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டு, மற்ற மூன்று பேரையும் கையெழுத்துப் போடவைத்து, நாலாவதாகத் தானும் போட்டு ஆபீசில் கொடுத்தாள். முன்னூறு பேர் வேலை செய்த கம்பெனியில் அவருக்காகப் பேசியது அந்த நாலு சாம்பல் சட்டைகள்தான். நல்லவர்களை எண்ணுவது இதனால் ரொம்பச் சுலபம். கையெழுத்து இருக்கும்.

அடுத்த எட்டு மாதம் கோதண்டம் செங்கல் லாரியில் லோடு ஏற்றினார். மதியத்தில் கம்பெனி மதிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்காருவார். மதிலுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு, இப்போது எண்ணெய் விடுகிறார்கள், இப்போது குழாய் ஒழுகுகிறது என்று டீக்கடைக்காரருக்குச் சொல்லுவார். டீக்கடைக்காரர் பஞ்சாயத்து டிவியின் கிரிக்கெட் வர்ணனையைவிட இது தேவலை என்பார். வீட்டில் ஹேங்கர் அப்படியே தொங்கியது. சுந்தராம்பாள் அதைக் கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

பிறகு பிரஸ்ஸில் ஒரு புதுச் சத்தம் வந்தது.

நாலு பெண்களும் சொன்னார்கள். மணிகண்டபிரபு அட்டைக்கு முன்னால் நின்று, ஒன்றிலிருந்து முப்பத்துநாலுவரை விரலை வைத்து இறங்கிவந்தான். இல்லை. அட்டையில் இல்லாத சத்தத்துக்கு மெஷினை நிறுத்தக் கூடாது. பதிவேட்டில் ‘சத்தம்: பட்டியலில் இல்லை’ என்று எழுதினான். மறுநாளும் அதையே எழுதினான். பதினோரு நாள் எழுதினான். பன்னிரண்டாம் நாள் வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. போய் இறங்கிய ஷூக்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்ததும் வாய் பிளக்கின்றன. ஒரு கப்பல் சரக்கும் திரும்பி வருகிறது. துவானுக்குப் போன் போட்டார்கள். அவன் வேறு ஏதோ தேசத்தில் வேறு யாருக்கோ சத்தம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். போனை எடுத்தவர் ‘நோ ஓகே’ என்றார்.

டீக்கடைக்கு ஆள் வந்தது.

பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோதண்டம் உள்ளே போனார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை மெஷின்மேல் இங்கே, அங்கே என்று வைத்து வைத்துக் கேட்டார். காற்றை உறிஞ்சும் பம்ப்பின்மேல் வந்ததும் நின்றார். இழுத்து இழுத்து, நடுவில் ஒரு விசிலோடு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு தகரக் கூரைக்குக் கீழே முதுகு வளைந்த ஒருத்தியின் நெஞ்சு. கோ-கே. உள்ளே இருக்கும் ரப்பர் தோல் பிளந்துவிட்டது. அதனால் பிரஸ் பாதி மூச்சில்தான் அழுத்துகிறது. அதனால்தான் ஷூ வாய் பிளக்கிறது. பத்து நிமிஷ வேலை.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். கோதண்டம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“நீல சட்ட குடுங்க. சொல்றேன்.”

சண்முகசுந்தரம் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போனார். இந்தமுறை டீயும் வந்தது. கம்பெனிக்கு ஒரு முறை இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ஒரு நிரந்தர ஆளைப் புதிதாக எடுக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது குறைய வேண்டும். நாலு காண்டிராக்ட் ஆள் குறைந்தால் ஒரு நிரந்தர ஆளுக்கு மேலே அனுமதி கிடைக்கும். அதற்கு ஒரு யோசனைப் படிவம் தேவை. மெஷினை மூச்சுத் திணறாமல் ஓடவைக்கும் யோசனை கோதண்டத்திடம் இருக்கிறது. மூச்சுத் திணறாமல் ஓடுகிற மெஷினுக்கு எதற்கு நாலு பேர்?

மணிகண்டபிரபு படிவத்தை நிரப்பினான். பெயர், யோசனை, பயன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நீட்டினான். இந்தத் தடவை அவன் எந்த எண்ணையும் சொல்லவில்லை.

“ஒண்ணுன்னு போட்டா?” என்றார் கோதண்டம்.

“அடுத்த வருஷம் பார்க்கலாம்,” என்றார் சண்முகசுந்தரம்.

ஆபீசுக்கும் லைனுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பிரஸ்ஸைச் சுற்றி நாலு பேரும் நின்றார்கள். சந்தனமாரி அவரைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி வழியாகச் சத்தம் வராது. ஆனால் உதட்டசைவு தெரிந்தது. லத்-கத், லத்-கத். கூடவே இரண்டு கையையும் உதறிக் காட்டிச் சிரித்தாள். மாமா திரும்பி வந்துவிட்டார் என்று மற்றவர்களுக்கும் காட்டினாள். மேசையில் சண்முகசுந்தரத்தின் கோப்பு திறந்திருந்தது; அதில் அந்த வெள்ளைத்தாள் மனு மேலாகவே இருந்தது. நாலு கையெழுத்து. சந்தனமாரியுடையது ‘ரி’யில் ஒரு பெரிய சுழி.

கோதண்டம் மனுவைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தார். அவசரத்தில் செய்துவிட்டார் என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது. பிறகு கட்டத்துக்குள் ‘4’ என்று எழுதினார். நல்ல கையெழுத்து.

ரப்பர் தோல் மாற்றப்பட்டது. அட்டையில் முப்பத்தைந்தாவது சத்தம் ஏறியது. மாதம் முடிவதற்குள் நீலச் சட்டை வந்தது, கூடவே இரண்டாவது ஹாட்பாக்ஸ். தண்டலம் ரூமிலிருந்து நாலு தகரப் பெட்டிகள் ஊர் பஸ்ஸுக்காக நிறுத்தத்துக்கு வந்தன. அன்று காலை கம்பெனி பஸ் தண்டலம் நிறுத்தத்தில் நின்றபோது, ஜன்னலோர சீட்டில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். கீழே பெட்டிமேல் சந்தனமாரி. அவர் ஏதாவது திட்டு வரும் என்று எதிர்பார்த்தார். அவளுக்கு வாய் இருந்தது, நேரமும் இருந்தது.

“மாமா, சட்டை நல்லா இருக்கு,” என்றாள். பஸ் நகர்ந்தது.

அதன்பிறகு பிரஸ்ஸில் கோதண்டம் ஒருவர்தான். முன்பக்கம் ஷூவை வைத்து, சுற்றிப் போய்ப் பசை தடவி, அந்தப் பக்கம் வந்து அழுத்தி, இந்தப் பக்கம் வந்து எடுக்க வேண்டும். நாலு பேர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்க முடியாது, ஓடத்தான் முடியும். பசையின் நெடி முன்பு நாலு மூக்குக்குப் பங்காகப் போயிற்று. இப்போது மொத்தமும் ஒரே உரிமையாளருக்கு. கேன்டீனில் முட்டை உண்டு. அதைச் சாப்பிட நேரம் இருக்காது. கர்ச்சீப்பில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

லைனில் யாரும் அவரைப் பார்த்து லத்-கத் சொல்வதில்லை. மணிகண்டபிரபு மட்டும் கடந்துபோகும்போது, வேலை நடக்கிறதா என்று கேட்காமல், அவர் ஓடுவதை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான். சிரித்துக்கொண்டுதான் பார்ப்பான். பெருந்தன்மையான பையன் என்று கோதண்டம் இந்தத் தடவை வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த தை மாதம் ஒரு காலை. கோதண்டம் ஹேங்கரிலிருந்து சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டு, அடுத்த கைக்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோற்றை ஹாட்பாக்ஸில் போட்டுக்கொண்டிருந்த சுந்தராம்பாள் நிமிர்ந்தாள்.

“இன்னாயா அது சத்தம்? இஸ்த்து இஸ்த்து ஏதோ விசிலடிக்கற மாதிரி கீது.”

அந்தச் சத்தத்துக்கு இரண்டு பாஷையிலும் பெயர் தெரிந்த ஒரே ஆள் பிள்ளைப்பாக்கத்தில் அவர்தான். சட்டையின் அடுத்த கையை நுழைத்தார். பித்தானைப் போட்டார்.

“ஹாட்பாக்ஸ் மூடி,” என்றார். “ஆவி ஒயுவுது.”

சுந்தராம்பாள் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது இரண்டாவது பெட்டி.

“இது நல்லாத்தான மூடுது,” என்றாள்.